மாவுக் கப்பல் வராத வாரங்கள்

விடிய நாலரை மணிக்கு எங்கள் லயத்தில் எல்லா அடுப்பிலும் ரொட்டி வேகும். காலையில் ஆளெண்ணும் பிரட்டுக்குப் போகுமுன் வயிற்றுக்கு ஒன்று, துணியில் சுற்றிக் கொழுந்து மலைக்கு இரண்டு. கோதுமை மாவு, உப்பு, இருந்தால் கொஞ்சம் தேங்காய்ப்பூ. அப்பாயி, அதாவது என் அப்பாவின் தாய், உள்ளங்கையில் தட்டியே வட்டம் பிடித்துவிடுவார். "நாங்க வாழ்க்கப்பட்டு வந்தப்ப இந்த மாவு ஏதுய்யா? தோட்டத்துல அரிசிதான் போடுவாக. சண்ட வந்தப்புறந்தான் மாவு வந்துச்சு" என்பார். அந்தச் சண்டைக் காலத்தில் ஒரு தடவை மூன்று வாரம் மாவும் வரவில்லை. கேட்டவர்களுக்குக் கணக்கப்பிள்ளை சொன்னது இரண்டே சொல்: "கப்பல் வரல." எந்தக் கப்பல், ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

நான் நானுஓயாவுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். தோட்டப் பாடசாலைகளில் 31 வருடம் சரித்திரம் படிப்பித்துவிட்டு இப்போது நுவரெலியா டவுனில் இருக்கிறேன். 6,000 அடிக்கு மேல் குளிரிலும் பனியிலும் வளர்ந்த நான் கடலை முதன்முதலில் பார்த்தது பத்தொன்பது வயதில். போன மாதம் என் பேத்தி நீர்மூழ்கிப் படமொன்றைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். "தாத்தா, அந்த டொர்பிடோ தண்ணிக்குள்ள எப்படி நேரா போகுது?" அவளுக்குப் பதில் தேட உட்கார்ந்தவன், பழைய கடற்போர்ப் பக்கங்களைப் புரட்டிப் புரட்டி, கடைசியில் அப்பாயியின் அந்த மூன்று வாரத்தில் வந்து நின்றேன்.

இலங்கைத் தேயிலையும் டொர்பிடோவும் ஏறக்குறைய ஒத்த வயது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல். அதற்கு முந்திய வருடம் அத்திரியாட்டிக் கடலோரத்து ஃபியூமே நகரில், இன்றைய குரோஷியாவின் ரியேக்காவில், ரொபர்ட் வைட்ஹெட் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் தன் முதல் டொர்பிடோவைச் செய்துமுடித்தார். யோசனை அவருடையதல்ல. லூப்பிஸ் என்ற ஓய்வுபெற்ற ஒஸ்திரியக் கடற்படை அதிகாரி, வெடிமருந்து நிரப்பிய சின்னப் படகொன்றைக் கரையிலிருந்து கயிறு கட்டி ஓட்டலாம் என்று கொண்டுவந்தார். மேலே மிதந்தால் எதிரி பார்த்துவிடுவான் என்று கண்ட வைட்ஹெட், அதை நீருக்குள் போகும் இரும்புச் சுருட்டாக மாற்றினார். முதல் டொர்பிடோ 200 யார் தூரம்தான் ஓடியது.

டொர்பிடோ என்பது உண்மையில் ஒரு மீனின் பெயர். தொட்டவனுக்கு மின்சாரம் அடித்துக் கை மரத்துப்போகச் செய்யும் திருக்கை வகை அது. வைட்ஹெட்டுக்கு முன்பு நீரில் மிதக்கவிட்ட, நங்கூரமிட்டு வைத்த எந்த வெடிகுண்டையும் அந்தப் பெயரால்தான் அழைத்தார்கள்.

ஜூல்ஸ் வேர்ன் எழுதிய கதைகளில் அந்தப் பழைய பொருளைப் பார்க்கலாம். அவருடைய நீர்மூழ்கித் தலைவன் நெமோவை எல்லோரும் அறிவார்கள். அவன் இலங்கைக்கு வந்தவன் என்பதை என் மாணவர்களில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. 1868 ஜனவரிக் கடைசியில் அவனுடைய நீர்மூழ்கியான நோட்டிலஸ் இந்தத் தீவை அடைவதாகக் கதை. மன்னார் முத்துச்சலாபத்தில் ஓர் ஏழை முத்துக்குளிப்பவனைச் சுறாவிடமிருந்து காப்பாற்றி, ஒரு பை முத்தையும் அவன் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான் நெமோ. பின்னால் வந்த 'மர்மத் தீவு' நாவலில்தான் அவன் யாரென்று தெரிகிறது. அவன் திப்பு சுல்தானின் உறவினன், 1857 எழுச்சியில் ஆங்கிலேயரோடு போரிட்ட இந்திய இளவரசன் தக்கார். கொள்ளையர் கப்பலொன்றை அவன் உடைத்தெறிவது டொர்பிடோவால். வைட்ஹெட்டின் ஓடும் டொர்பிடோ அல்ல, நீரில் வைத்துக் காத்திருக்கும் பழைய வகை. இந்த இடத்தை வாசிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வேறொன்று கண்ணில் நிற்கும். நெமோ முத்துக் கொடுத்ததாக எழுதப்பட்ட அதே காலத்தில், அதே மன்னார்க் கரையில், எங்கள் பாட்டன் பூட்டன்கள் வள்ளத்திலிருந்து இறங்கி மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்துகொண்டிருந்தார்கள். வழியில் விழுந்து செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். அவர்களைக் காப்பாற்ற எந்தக் கப்பலும் மேலே வரவில்லை.

இனிப் பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். இரும்புச் சுருட்டை நீருக்குள் தள்ளிவிட்டால் அது மூழ்கவும் கூடாது, மேலே மிதக்கவும் கூடாது, பக்கவாட்டில் திரும்பவும் கூடாது. ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தை உணர்கிற ஒரு வால்வை வைட்ஹெட் பின் சுக்கானோடு இணைத்தார். குறித்த ஆழத்துக்குக் கீழே போனால் சுக்கான் மேலே திருப்பும், மேலே வந்தால் கீழே திருப்பும். ஆனால் அது திருத்தித் திருத்தி மிகைப்படுத்தியது. டொர்பிடோ ஓங்கில் மீன்போலத் துள்ளித் துள்ளி ஓடியது. அந்தத் துள்ளலை அடக்க 1868இல் உள்ளே ஓர் ஊசலைத் தொங்கவிட்டார். மூக்கு சாய்வதை ஊசல் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். இந்த ஏற்பாட்டை அவர் 'இரகசியம்' என்றே பெயரிட்டுக் காத்துவந்தார். இடம் வலம் தவறாமல் காப்பது 1890களில் சேர்ந்த சுழலி. அது பம்பரத்தின் குணந்தான். வேகமாகச் சுற்றுகிற பம்பரம் தன் அச்சை விட்டுக்கொடுக்காது. டொர்பிடோ திரும்பினாலும் உள்ளே சுற்றும் பம்பரம் திரும்பாது. இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தைக் கொண்டு சுக்கான் திருத்திக்கொள்ளும். பின்னால் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றும் இரண்டு விசிறிகள், உடம்பு உருளாமல் இருக்க.

"அப்ப பம்பரம் விட்டுப் பழகினவங்களுக்கு இது வெளங்கும்" என்றாள். விளங்கும்தான்.

முதல் உலகப் போரில் எங்கள் கடலுக்கு வந்த பெயர் எம்டன். ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டெம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டு எரித்தது. அதற்கு ஒன்பது நாள் முன்னே, 13ஆம் திகதி, வங்காள விரிகுடாவில் டிப்ளொமற் என்ற கப்பலைப் பிடித்து மூழ்கடித்தது. கல்கத்தாவிலிருந்து லண்டனுக்குப் போன தேயிலைச் சரக்கு முழுவதும் கடலுக்குள் போனது. பெரும்பாலும் எம்டன் ஆட்களை இறக்கிய பிறகே கப்பலை மூழ்கடித்தது. அதன் தலைவர் வொன் முல்லரை எதிரிகளே மதித்தார்கள். டொர்பிடோவை எடுத்தது அக்டோபர் 28இல், பினாங்குத் துறைமுகத்தில் நின்ற செம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பல்மீது. எம்டன் நவம்பர் 9இல் கொக்கோஸ் தீவுகளருகே அவுஸ்திரேலியாவின் சிட்னி கப்பலால் முடிந்துபோனது. சொல் முடியவில்லை. எங்கள் தோட்டத்தில் கண்டிப்பான கங்காணி ஒருவரை எல்லோரும் "எம்டன்" என்றே சொன்னார்கள். அது ஒரு கப்பல் என்று அவருக்கும் தெரியாது, சொன்னவர்களுக்கும் தெரியாது.

எங்கள் வயிற்றைத் தொட்டது இரண்டாவது போர். இலங்கை அன்று சாப்பிட்ட அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. 1942 மார்ச் 8இல் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. ஒரு மாதம் கழிய, ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, கொழும்பில் குண்டு. 9ஆம் திகதி திருகோணமலையில் குண்டு. அன்றே மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் 300க்கு மேற்பட்டவர்களோடு மூழ்கியது. இவை விமானக் குண்டுகளின் வேலை. கொழும்பிலிருந்து மூட்டை முடிச்சோடு சனம் ரயிலேறி மலைக்கு வந்ததை என் தாத்தா ஹட்டன் ஸ்டேசனில் நின்று பார்த்திருக்கிறார். அரிசி பங்கீட்டுக்கு வந்தது. அந்தக் குறையை நிரப்ப வந்ததுதான் அப்பாயி சொன்ன கோதுமை மாவு.

மலையிலிருந்து கீழே போனதும் கடலை நம்பித்தான் போனது. பிரித்தானியாவில் 1940 ஜூலை முதல் தேயிலைக்குப் பங்கீடு, ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ். கொழுந்து குறையக்கூடாது என்று தோட்டத்தில் நெருக்கினார்கள். தாத்தா ஸ்டோரில் பெட்டி அடிப்பவர். பலகை மூலைக்குத் தகரம் அடித்து, ஈயத்தாள் விரித்து, தேயிலையை மிதித்து இறுக்கி மூடுவது அவர் வேலை. ரயிலேறிப் போன பெட்டிகளில் எத்தனை லண்டனைக் கண்டனவோ. டொர்பிடோவைப் பற்றி யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் வைத்த பெயர், "தண்ணிக்குள்ள போற வாணம்."

அந்த வாணம் அப்போது வைட்ஹெட் காலத்தது அல்ல. ஜப்பானியர் தம் டொர்பிடோவில் காற்றுக்குப் பதில் சுத்தமான ஒட்சிசனை அடைத்து, மண்ணெண்ணெயோடு எரித்தார்கள். சாதாரண டொர்பிடோவின் பின்னால் நீரில் வெள்ளைக் கோடாகக் குமிழி எழும். காற்றிலுள்ள நைதரசன் கரையாமல் மேலே வருவதால் அந்தக் கோடு. கப்பலின் மேல்தட்டில் காவல் நிற்பவன் அதைப் பார்த்துக் கத்தினால் கப்பலைத் திருப்பலாம். ஒட்சிசனில் அந்தக் கோடு கிட்டத்தட்ட இல்லை. நீர்மூழ்கிக்கென்று செய்த அந்த வகை 405 கிலோ வெடிமருந்தை மூக்கில் சுமந்து, மணிக்குத் தொண்ணூறு கிலோமீற்றர் வேகத்தில் 9 கிலோமீற்றர் ஓடும். கப்பல் ஓட்டையாவதால் மட்டும் மூழ்குவதில்லை. நீர் நசுங்காது, வெடிப்பின் முழு அடியையும் அப்படியே தகட்டின்மேல் இறக்கிவிடும். கொதிகலன் அறையில் பட்டால் உள்ளிருக்கும் நீராவியும் சேர்ந்து வெடிக்கும்.

எங்கள் காம்பராவில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் நேதாஜி படம் தொங்கியது. தாத்தாவின் தம்பி மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். நேதாஜியின் படையில் சேர்ந்தார் என்று பிறகு கேள்விப்பட்டார்கள். திரும்பவில்லை. தைப்பொங்கலுக்கு அப்பாயி அந்தப் படத்துக்கும் பூ வைப்பார். ஜெர்மனியிலிருந்து நேதாஜி ஆசியாவுக்கு வந்த கதையை நான் வகுப்பில் எத்தனையோ முறை ஆசையோடு சொல்லியிருக்கிறேன். 1943 பெப்ரவரியில் கீல் துறைமுகத்திலிருந்து யூ-180 என்ற நீர்மூழ்கியில் அவரும் ஆபித் ஹசனும் புறப்பட்டார்கள். ஏப்ரல் 18இல் அந்த நீர்மூழ்கி கோர்பிஸ் என்ற பிரித்தானிய எண்ணெய்க் கப்பலை டொர்பிடோவால் அடித்து மூழ்கடித்தபோது நேதாஜி உள்ளேதான் இருந்தார். ஏப்ரல் 28இல் மடகஸ்காருக்கு அப்பால், கொந்தளிக்கும் கடலில், ரப்பர்ப் படகில் நனைந்துகொண்டே ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறினார். வகுப்பில் இந்த இடத்தில் பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

அந்த ஜப்பானிய நீர்மூழ்கியின் பெயர் ஐ-29. அதன் முந்தைய வேலை என்ன என்று நான் தேடிப் பார்த்தது ஓய்வுக்குப் பிறகுதான்.

ஐந்து மாதம் முன்னே, 1942 நவம்பர் 23 அதிகாலை, இதே ஐ-29 அரபிக் கடலில் திலாவா என்ற பயணிகள் கப்பலை அடித்தது. பம்பாயிலிருந்து மொம்பாசாவுக்கும் தென்னாபிரிக்காவுக்கும் போன கப்பல். 958 பேர் இருந்தார்கள், பெரும்பாலோர் இந்தியர். பெண்டு பிள்ளைகளோடு ஆபிரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்கள். முதல் டொர்பிடோ பட்டதும் படகுகளில் இறங்கினார்கள். கப்பல் உடனே மூழ்கவில்லை. தப்பிவிடும் என்று நினைத்துச் சிலர் திரும்பவும் ஏறினார்கள். அப்போது இரண்டாவது வந்தது. 280 பேர் இறந்தார்கள். மற்றவர்களில் பெரும்பாலோரைப் பேர்மிங்ஹாம் என்ற போர்க்கப்பல் வந்து தூக்கியது.

இதை வாசித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. நேதாஜி ஏறிய தட்டும், அந்த 280 பேரை அடித்த டொர்பிடோக் குழாய்களும் ஒரே இரும்பில் இருந்தன. நேதாஜிமீது எனக்குள்ள மதிப்பு இதனால் குறையவில்லை. ஆனால் அந்தக் கதையை இப்போது யாரிடம் சொன்னாலும் திலாவாவைச் சொல்லாமல் என்னால் ஐ-29க்குப் போக முடிவதில்லை. கைதட்டலுக்கு இடம் விடாத கதையாகிவிட்டது அது. ஐ-29உம் 1944 ஜூலை 26இல் பிலிப்பைன்ஸ் அருகே அமெரிக்க நீர்மூழ்கியின் மூன்று டொர்பிடோக்களில் அழிந்தது. அதன் மாலுமிகளில் ஒரே ஒருவர் பிழைத்தார்.

கொழும்புக்கு வந்துகொண்டிருந்த கப்பல்களில் மிகப் பெரிய இழப்பு கெடிவ் இஸ்மாயில். 1944 பெப்ரவரி, மொம்பாசாவிலிருந்து கப்பல் தொடரொன்று புறப்பட்டது. நடுவில் இருந்த இந்தத் துருப்புக் கப்பலில் 1,511 பேர். கிழக்காபிரிக்கப் பீரங்கிப் படையினர், மாலுமிகள், தாதிகள். 12ஆம் திகதி பிற்பகல், மாலைதீவுக்குத் தென்மேற்கே, கீழ்த்தட்டு மண்டபத்தில் பாட்டுக் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது இன்னொரு ஜப்பானிய நீர்மூழ்கியான ஐ-27இன் இரண்டு டொர்பிடோக்கள் பட்டன. இரண்டு நிமிடத்துக்குள் கப்பலே இல்லை. 1,297 பேர் இறந்தார்கள். அவர்களில் 77 பெண்கள். ரொட்டியைக் கல்லில் போட்டு ஒரு பக்கம் வேகும் நேரம்கூட இல்லை அது.

அதன் பிறகு நடந்தது அதைவிடக் கொடியது. காவலுக்கு வந்த பெற்றார்ட், பலடின் என்ற இரண்டு நாசகாரிக் கப்பல்கள் நீர்மூழ்கியைத் தேடின. ஐ-27 நீந்திக்கொண்டிருந்தவர்களுக்கு அடியிலேயே பதுங்கியிருந்தது. ஆழ்நீர் வெடி என்பது பீப்பாய் போன்ற குண்டு; கடலில் உருட்டிவிட்டால் குறித்த ஆழத்தில் வெடிக்கும். நீர் நசுங்காது என்றேனே, அந்த அடி சுற்றியுள்ள மனித உடம்பையும் விடாது. விட்டுவைத்தால் தொடரின் மற்றக் கப்பல்களும் போகும். பெற்றார்ட் வெடிகளை உருட்டியது. பிழைத்து நீந்தியவர்களில் எத்தனை பேர் அதில் போனார்கள் என்று எவராலும் எண்ண முடியவில்லை. நீர்மூழ்கி மேலே வந்தது, பலடின் அதை மோதப் போய்த் தன் அடியைக் கிழித்துக்கொண்டது, கடைசியில் பெற்றார்ட் ஒன்றன்பின் ஒன்றாக விட்ட டொர்பிடோக்களில் ஏழாவதுதான் ஐ-27ஐ உடைத்தது. காப்பாற்றப்பட்டவர்கள் 214.

நிக்கலஸ் மொன்சராற்றின் 'குரூவல் சீ' 1951இல் வந்த நாவல். ஆசிரியர் போர்க்காலத்தில் காவல் கப்பல்களில் வேலை செய்தவர். அட்லாண்டிக்கில் ஒரு தலைவன் நீந்துபவர்களுக்கு நடுவே வெடியை விடும் இடம் அதில் இருக்கிறது. கதையில் அடியில் நீர்மூழ்கி இருந்ததா என்பதே உறுதியாவதில்லை. பெற்றார்டின் தலைவனுக்கு அந்தச் சந்தேகம்கூட இல்லை. அடியில் இருப்பது நிச்சயம். தெரிந்தே செய்யவேண்டியிருந்தது.

இனி மாவு. 1944 மார்ச்சில் மெல்பேணிலிருந்து கொழும்புக்குத் தனியாக வந்தது சிசாலக் என்ற டச்சுக் கப்பல். சரக்கு, கோதுமை மாவும் தபாலும். டச்சுக்காரரும் சீனரும் ஆங்கிலேயரும் மாலுமிகள். அவர்களோடு நாடு திரும்பிக்கொண்டிருந்த, லஸ்கார்கள் எனப்பட்ட 22 இந்திய மாலுமிகள். மார்ச் 26 காலை ஐ-8 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி அதை அடித்தது. படகில் தப்பியவர்களை ஐ-8இன் தலைவர் அரிஇசுமி தன் தட்டுக்கு ஏற்றச் சொன்னார். ஏறியவர்களின் கைகளைக் கட்டி, வாளாலும் சுத்தியலாலும் துப்பாக்கியாலும் கொன்று கடலில் தள்ளினார்கள். ஏறக்குறைய நூறு பேர். ஐந்து பேர் எப்படியோ உயிரோடு நீந்தித் தப்பினார்கள். அவர்களில் ஒருவர் லஸ்கார். போர் முடிந்தபோது அரிஇசுமி தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். விசாரணைக்கு அவர் கிடைக்கவில்லை.

அப்பாயி காத்திருந்தது இந்தக் கப்பலுக்கா, வேறொன்றுக்கா, பண்டசாலை வாசலில் சாக்கோடு நின்றவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். அந்த மூன்று வாரம் எதைத் தின்றீர்கள் என்று நான் கேட்டிருக்கிறேன். "மரவள்ளி, பலாக்கொட்ட, தோட்டத்துக் கீர. சின்னதுகளுக்கு வெறுந்தேத்தண்ணி" என்றார். நாலாவது வாரம் மாவு வந்தபோது மூட்டையை அவிழ்த்த உடனே மோந்து பார்த்தார்களாம், கடல் வாடை அடிக்கிறதா என்று.

வந்த மாவின் சாக்குத்துணியை யாரும் எறியவில்லை. பங்கீட்டுத் துணி போதாத காலம். அப்பாயி அதை வெட்டி என் அப்பாவுக்குச் சட்டை தைத்தார். ஸ்டோருக்கு வந்த ஒருவர் எடுத்த படம் எங்களிடம் இருக்கிறது. அப்பாவுக்கு அப்போது ஆறேழு வயது. கமராவுக்கு முதுகைக் காட்டி, தாத்தா அடித்து முடித்த தேயிலைப் பெட்டிமேல் ஏறிக்கொண்டிருக்கிறார். முதுகில் அச்செழுத்து வெளுக்காமல் நிற்கிறது. பேத்தி கண்ணாடி வைத்துப் பார்த்துப் படித்தாள். "அவுஸ்" வரைக்கும் தெரிகிறது. மற்ற எழுத்துகள் தையலுக்குள் போய்விட்டன.